கால்வாயில் விட்ட எலுமிச்சம்பழங்கள்

ஏரிப் பாடம் எடுக்கிறவர்களுக்குச் சாக்பீஸைவிடச் செருப்புதான் சீக்கிரம் தேயும். லிங்கராஜபுரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆறு வருடமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பை கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய்த் திட்டு வாங்கிய ஆசிரியர்களே, இது உங்களுக்குத்தான்.

மேடும் பள்ளமும்

எங்கே பெய்த மழை எந்த ஏரிக்குப் போகும் என்பதுதான் முதல் பாடம். மைதானத்தில் பழைய தார்ப்பாயைக் கசக்கி விரித்து, மேடு பள்ளம் உண்டாக்கித் தண்ணீர் ஊற்றினோம். அத்தனையும் பள்ளத்தில் போய்த் தேங்கியது. "இங்கே என்ன இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு, "ஏரி" என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன். ஏழாம் வகுப்பு ஸ்டெல்லா யோசிக்கவே இல்லை.

"அபார்ட்மென்ட் மிஸ். எங்க பக்கம் பள்ளத்துலதான் கட்றாங்க."

யாருக்கு வைத்தது?

தெருத்தண்ணீர் ஏரிக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பது அடுத்த பாடம். காகிதக் கப்பல் முழுகிவிடும், பிளாஸ்டிக் பந்து குப்பையாகிவிடும். எலுமிச்சம்பழம் மிதக்கும், மட்கவும் செய்யும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மழை விட்டதும், எந்த இடத்தில் விடுகிறோமோ அந்தப் பெயரைப் பழத்தில் மார்க்கரால் எழுதி, ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் போய்ச் சேரும் வடிகால்களில் ஒவ்வொன்றாக விட்டோம். எழுத்தோடு மிதக்கும் எலுமிச்சம்பழங்களைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டித் தலையை மட்டும் நீட்டினார்.

"மேடம், யாருக்கு வெச்சீங்கன்னு சொல்லிடுங்க. இனிமே இந்த ரோட்டுல நான் சவாரி வர்ல."

புகார்

மறுநாளே ஓர் அம்மாவிடமிருந்து கடிதம்: மிஸ் பிள்ளைகளுக்குச் சூனியம் சொல்லிக்கொடுக்கிறார். ஏரி வகுப்பையே நிறுத்தப்போவதாக ஹெச்.எம். சொன்னார். "நிறுத்துறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ ஏரிக்கு வந்து பாருங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டேன்.

வகுப்போடு வந்தார். கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஸ்டெல்லா குச்சியால் ஒரு பழத்தை ஒதுக்கி எடுத்தாள். அதில் எழுதியிருந்தது: 'நம்ம கேன்டீன்'. மிஞ்சிய ஒரு பழத்தைக் கேன்டீனில் தட்டு கழுவும் இடத்து வடிகாலில் விளையாட்டாக விட்டிருந்தாளாம். தட்டு கழுவும் சோப்புத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்குப் போவதாகத்தான் பள்ளியில் எல்லோரும் நம்பியிருந்தோம், நான் உட்பட. வெட்கமாக இருந்தது. ஹெச்.எம். நுரையைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், அங்கேயே நின்று பிளம்பருக்கு போன் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வகுப்ப நிறுத்த வேணாம் மிஸ். லெட்டர் எழுதின அம்மாவ மட்டும் வரச் சொல்லுங்க. ஏரிக்கு யாரு சூனியம் வெச்சதுன்னு நானே சொல்றேன்."

அடுத்தவர் வீட்டுக் குழாயைக் கைகாட்டிப் பாடம் எடுக்கும் சுகம்தான் எனக்குப் போய்விட்டதே தவிர, மற்றபடி வகுப்பு ஜோராக நடக்கிறது.