கொடிமலைக்குச் சூடான கைப்பிடி

என் கடைக்கு வந்து செயின்சா வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். துளசி அப்படியில்லை. எந்த மெசினைக் காட்டினாலும் முதலில் ஒற்றைக் கையில் தூக்கிப் பார்ப்பான். மரத்தின் மேல் தொங்கிக்கொண்டு வெட்டுகிறவனுக்குக் கனம்தான் முக்கியம். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், "இத நீங்களே வச்சுக்குங்க, மோகனாக்கா" என்று திருப்பி வைத்துவிடுவான்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஏசிக்குள் உட்கார முடியாமல் ஓடிவந்து மரம் ஏறியவன் அவன். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டான். அப்படிப்பட்டவன் ஒரு மழை நாளில் டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் கடைக்குள் வந்ததும் வராததுமாக, "கைப்பிடி சூடாகிற மெசின் ஒண்ணு வச்சிருந்தீங்களே, இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. கனடாவில் மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய ஒருவர் விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போனது. பனியில் வேலை செய்கிறவர்களுக்காகச் செய்தது. இஞ்சின் ஓடும்போது சுவிட்சைத் தட்டினால் இரண்டு கைப்பிடிகளும் சூடாகும். பினாங்கு வெயிலில் இதை எவன் வாங்குவான்? சுவரில் தொங்கித் தூசி தின்றுகொண்டிருந்தது.

"என்னடா, ஐஸ் பெட்டிக்குள்ள மரம் வெட்டப் போறியா?" என்றேன்.

துளசி சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தான். அவனுடைய கூட்டாளி நாகூர் மீரான் லோரி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அவன் வருவதற்குள் காட்டிவிட வேண்டும் என்பதுபோல் துளசி தன் கையை என் மேசைமேல் வைத்தான். விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

"மழை பட்டா இப்படி ஆயிடுதுக்கா. மரத்துப் போவுது. கிளினிக்ல காட்டுனேன். மெசின் அதிருதுல்ல, அதனாலயாம். கைய சூடா வச்சுக்கச் சொன்னாரு டாக்டர்."

"வேற என்ன சொன்னாரு?"

"மெசினயே தொடாதன்னாரு. அது எப்படிலா முடியும்?"

டாக்டர் சொன்ன இரண்டில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "மீரானுக்குத் தெரியுமா?"

"உங்க கால்ல விழுறேன், சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா என்ன மேல ஏறவே விடமாட்டான்."

துளசி மேலே வெட்ட, மீரான் கீழே நின்று கிளைகளைக் கயிற்றில் இறக்குவான். இஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் துளசி இடது கை விரலில் ஒரு சன்னக் கயிற்றை மாட்டிக்கொள்வான். கீழிருந்து மீரான் வெடுக்கென்று இழுத்தால் 'நிறுத்து, கீழே ஆள் இருக்கிறது' என்று அர்த்தம். வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கிளை மீரானின் தோளை உரசிக்கொண்டு விழுந்திருந்தது. காற்றில் கயிறு இழுத்தது தெரியவில்லை என்றானாம் துளசி.

மறுநாள் காலையில் அவர்களுக்குக் கொடிமலையில் வேலை. ஒரு பங்களாக் கூரைமேல் சாய்ந்துவிட்ட பெரிய மரம். மலையில் காலைக் குளிரும் ஈரமும் சேர்ந்திருக்கும். இந்த விரல்களோடு இவன் மேலே, ஒன்றும் தெரியாத மீரான் கீழே.

மீரான் உள்ளே வந்து மெசினைச் சுவரிலிருந்து இறக்கினான். "யா அல்லா, என்ன பாரம்! இத எப்படி மேல கொண்டு போவ, மச்சான்?"

"மலையில குளிரும்ல பாய், அதான்."

"குளுருனா ஸ்வெட்டர் போடு."

"தூக்கிப் பாரு துளசி," என்றேன் நான். காட்டிக் கொடுக்கவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் வாயில் வந்தது அதுதான்.

"வேணாம்க்கா. சூடு மட்டும் பாத்தா போதும்."

மீரான் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தான். துளசி ஒரு மெசினைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதா?

கடைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தரையில் வைத்து, சங்கிலி ஓடாமல் பிரேக் போட்டு, இஞ்சினைக் கிளப்பினேன். சுவிட்சைத் தட்டினேன். துளசி குந்தி உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தான். காத்திருந்தோம்.

"வரலையேக்கா," என்றான்.

"கொஞ்சம் பொறு."

பொறுத்தான். தலையை ஆட்டினான். "கெட்டுப் போச்சுக்கா இது. ஒண்ணுமே வரல."

மீரான் குனிந்து துளசியின் கைக்குப் பக்கத்திலேயே உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். "வெளயாடுறியா மச்சான்? சுடுதுடா!"

துளசியின் கை கைப்பிடியிலேயே இருந்தது. நான் இஞ்சினை அணைத்தேன். மீரான் துளசியின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

"போன வாரம் நான் கயித்த இழுத்தேன்," என்றான் மீரான். "விடாம இழுத்தேன். காத்துன்ன."

"காத்து இல்ல பாய்." துளசி தரையைப் பார்த்தபடியே சொன்னான். "கயிறு விரல்ல இருக்குன்னே எனக்குத் தெரியல."

அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் மீரான் ஃபோனை எடுத்துக் கொடிமலை பங்களாக்காரரைக் கூப்பிட்டு, நாங்கள் வரவில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான். துளசி வாயைத் திறக்கப் போனான்.

"பேசாத. கண்ண மூடு."

துளசி மூடினான். மீரான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அந்த வெளுத்த விரல் நுனிகளை மட்டும் தன் விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினான்.

"இப்ப சொல்லு மச்சான். புடிச்சிருக்கேனா, விட்டுட்டேனா?"

துளசி வெகுநேரம் யோசித்தான். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வந்தது.

"விட்டுட்ட," என்றான்.

மீரான் விடவே இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான்.