ஏலகிரிக்குப் போன கூடை

நைலான் கயிறு சிமெண்டுச் சுவரின் விளிம்பில் உரசிக்கொண்டு இறங்கும் சத்தத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். வியாசர்பாடியில் நாங்கள் இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பொழுது விடிந்ததும் முதலில் கேட்பது அதுதான். கீழே பால்காரர் சைக்கிள் மணியை அடித்தால் நான்கு மாடிகளிலிருந்தும் வயர் கூடைகள் கிளம்பி வரும். பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு மேலே போகும். கீரைக்கார அம்மா வந்ததும் மறுபடியும் இறங்கும். பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி போய்விட்டு, மறந்துபோன ஜாமெட்ரி பாக்ஸுக்காக ஓடிவந்து கீழே நின்று கத்தினால், அதுவும் கூடையில்தான் வந்து சேரும். இதற்கு எங்கள் பக்கத்தில் "கூடை வுடுறது" என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக் கூடையும் ஒவ்வொரு நிறம். எங்களுடையது நீலமும் வெள்ளையும் கலந்து அம்மாவே பின்னியது, ஒரு பக்கத்துக் கைப்பிடி அறுந்துபோய் நைனா செம்புக் கம்பியால் கட்டிக்கொடுத்திருந்தார்.

அந்தக் கூடை ஏலகிரி மலைக்குப் போய்வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் சமூக அறிவியல் டீச்சர், ஆம்பூர் பக்கத்துக்காரர், ஒருநாள் எல்லோரையும் ஒரு மலை வரையச் சொன்னார். வரைந்தோம். நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தவர் மறுபடியும் முதல் நோட்டிலிருந்து புரட்டினார். நாற்பது பெண்களில் முக்கால்வாசிப் பேருடைய மலை உச்சியில் சப்பையாக இருந்தது, அதன் மேல் காகங்கள் பறந்தன, சிலருடையதில் புகையும் வந்துகொண்டிருந்தது. அவர் எங்களைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிந்த மலைகள் இரண்டே இரண்டு: ஒன்று கொடுங்கையூர்க் குப்பைமேடு, இன்னொன்று துறைமுகத்தில் குவித்துவைத்திருக்கும் நிலக்கரி. இரண்டில் எதை வரைந்தாலும் அப்படித்தான் வரும்.

டீச்சர் அதை மனசில் போட்டுக்கொண்டுவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு நிஜ மலையைக் காட்டியே ஆவது என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கி, தன் கைப்பணத்தில் பஸ்ஸுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். மீதியை நாங்கள் கொண்டுவர வேண்டும். பாதிப் பேர் கொண்டுவந்தார்கள், பாதிப் பேரால் முடியவில்லை. நான் அந்தப் பின்பாதியில் இருந்தேன். நைனாவுக்கு லாரியில் மூட்டை ஏற்றும் வேலை, மழை விட்டும் வேலை கூடாத மாதம் அது. நான் இரண்டு நாள் அவர் முன்னால் போய்ப் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "அடுத்த வருசம் பாத்துக்கலாம் கண்ணு. மலை எங்க பூடப்போவுது."

மலை போகாது, ஆனால் பஸ் போய்விடுமே. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையைக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ முடிந்தது. எங்கள் வீடு அத்தனை சின்னது.

வகுப்பில் மல்லிகா என்று ஒருத்தி. ஆட்டோக்காரர் மகள், என் தோஸ்து, இடதுகாலால் பந்தை உதைத்தால் பையன்களே ஒதுங்குவார்கள். அவள் வீட்டில் முதல் நாளே பணம் கட்டிவிட்டார்கள். ஆனாலும் அவள்தான் எழுந்து நின்று, "போனா நாப்பது பேரும் போவோம் டீச்சர். இல்லாங்காட்டி இன்னாத்துக்குப் போறது," என்றாள். பணம் கட்டியவர்களில் சிலர் அவளை முறைத்தது உண்மை. ஆனால் அவளை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. சனிக்கிழமைக்குள் மீதி சேராவிட்டால் பஸ்ஸை வேண்டாமென்று சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

பணம் சேர்க்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய பேப்பர் சேகரித்து எடைக்குப் போடலாம் என்றாள் ஒருத்தி. எங்கள் நான்கு பிளாக்கிலும் தேடிப் பார்த்ததில் பேப்பர் வாங்குகிற வீடே கிடையாது, எல்லோரும் டீக்கடையில் படித்துவிட்டு வருகிறவர்கள். சுண்டல் அவித்து விற்றோம்; விற்கப் போனவர்களே பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் குண்டானோடு திரும்பினார்கள். டான்ஸ் ஆடலாம் என்றபோது, கோயில் திருவிழாவில் ஓசியில் பார்க்கிற டான்ஸுக்கு எவன் காசு கொடுப்பான் என்று நாங்களே தள்ளிவிட்டோம். கடைசியில் மல்லிகாதான் சொன்னாள், ஃபுட்பால் வைப்போம் என்று. ஏழாம் வகுப்புப் பெண்களுக்கும் அவர்களுடைய அப்பாக்களுக்கும் மேட்ச், டிக்கெட் இரண்டு ரூபாய்.

எங்கள் ஊரில் இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. கால்பந்து என்றால் வியாசர்பாடியில் கல்யாண வீட்டையே பாதியில் விட்டுவிட்டு வருவார்கள். அப்பாக்கள் எல்லோரும் ஒரு காலத்தில் "பெரிய பிளேயர்கள்", அதாவது அவர்களே அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். நைனா கோல்கீப்பர். தன்னைத் தாண்டி ஒரு பந்தும் போனதில்லை என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டு வந்தேன். எனக்குக் காலில் வராதது வாயில் வந்தது என்பதால் மைக் என்னிடம் வந்தது. மைக் செட் வாடகைக்கு விடும் ரபீக் பாய், "புள்ளைங்க காரியம், துட்டு வாணாம்" என்று குழாய் ஒலிபெருக்கி இரண்டையும் சொந்தச் செலவில் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் டிக்கெட் எழுதினோம். தெருவில் போகிறவர்கள் ஓசியில் பார்த்துவிடக் கூடாது என்று அம்மாக்களின் பழைய சேலைகளை வாங்கி, மூங்கில் நட்டு, மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கட்டினோம். வாசலில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினோம். ஒரு பூனை நுழைந்தால்கூட டிக்கெட் கேட்டிருப்போம்.

மைதானம் என்று நான் சொல்வது எங்கள் சி பிளாக்குக்கும் டி பிளாக்குக்கும் நடுவில் இருந்த காலி இடம். இரண்டு பக்கமும் நான்கு மாடி, மாடிக்கு மாடி பால்கனி. பிறந்ததிலிருந்து நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பால்கனியில் நின்றுதான் பந்தாட்டம் பார்த்திருக்கிறோம். இருந்தும், சேலைச் சுவர் கட்டிய நாற்பது பேரில் ஒருத்திக்கும், கூட நின்று முடிச்சுப் போட்ட அப்பாக்களில் ஒருவருக்கும், ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பார்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சேலைச் சுவருக்குள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் எங்கள் டீச்சர்கள். நான் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொதுமக்களே" என்று ஆரம்பித்துவிட்டு, பொதுமக்கள் எங்கே என்று நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் மேலே இருந்தார்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். புளியந்தோப்பிலிருந்து சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்திருந்தார்கள், "எங்க வூட்டு பால்கனில சூப்பரா தெரியும் வாங்க" என்று. கைதட்டல் மட்டும் மழை மாதிரி கொட்டியது.

முதல் பாதி முடிந்ததும் டீச்சர் என் பக்கத்தில் வந்து, "பரவாயில்லைம்மா, திங்கட்கிழமை பஸ்காரர்கிட்ட சொல்லிடுறேன்" என்றார். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு கோபம் வந்தது, யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் செய்த எங்கள் மேல்தான் என்று பிறகு யோசித்தால் தெரிகிறது. மைக்கைப் பிடித்தேன்.

"மூணாவது மாடி சரோஜா அக்கா, முறுக்கு துன்னுகினு பாக்குறியே, டிக்கெட்டு எங்கக்கா? ரெண்டாவது மாடி மாமா, விசில் அடிக்கிறீங்களே, அதுக்கு துட்டு யாரு குடுப்பாங்க? இது சும்மா ஆட்டம் இல்ல. இதுல துட்டு சேரலைன்னா பஸ்ஸு இல்ல. பஸ்ஸு இல்லன்னா நாங்க யாரும் மலைய பாக்க மாட்டோம், குப்பமேட்ட பாத்துகினே பெரியவளாயிடுவோம்."

இப்படி ஒவ்வொரு பால்கனியாக, இருப்பவர்கள் பேரைச் சொல்லி, சி பிளாக்கை முடித்துவிட்டு டி பிளாக்குக்கும் போனேன். இரண்டு குழாய்களிலும் என் குரல் சர்மா நகர் வரைக்கும் கேட்டிருக்கும். மூச்சு வாங்க நிறுத்தினேன். மூன்றாவது மாடியிலிருந்து சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார். மீன் விற்கிறவர், அவருக்கு மைக் தேவையில்லை.

"எம்மா மைக்கு, கூவாத. கூடை வருது பாரு."

சிவப்புக் கூடை ஒன்று இறங்கியது. அதன் பின்னால் பச்சை, மஞ்சள், பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று, துணிப்பை ஒன்று. காலையில் மட்டுமே கேட்கிற கயிற்றுச் சத்தம் அந்தச் சாயங்கால நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது. ஆனால் வாங்கிப்போட எங்களிடம் ஒரு பாத்திரம் இல்லை. பாவாடையில் பிடித்தோம், கைக்குட்டையில் பிடித்தோம், சில்லறை மண்ணில் உருண்டது. ஆட்டமும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் சரோஜா அக்கா விளையாட்டாகக் கேட்டார்: "எல்லாரையும் பேரு சொல்லி இஸ்துவுட்டியே, உங்க வூட்டுக் கூடை எங்க வளரு?"

மைக்கைக் கீழே இறக்கிவிட்டு மேலே பார்த்தேன். எங்கள் வீடு நான்காவது மாடி. அம்மா சுவரில் கை ஊன்றி நின்றிருந்தாள். நான் அத்தனை வீட்டுப் பேரையும் சொன்னபோது எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனதை அவளும் கேட்டிருக்கிறாள். வீட்டில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எங்கள் பால்கனிக்கு நேர் கீழே கோலில் நின்ற நைனாவுக்கும் தெரியும். அம்மா உள்ளே போனாள். போய் ஒளிந்துகொண்டாள் என்றே நினைத்தேன்.

பிறகு அந்தக் கயிற்றுச் சத்தம் கேட்டது. நீலமும் வெள்ளையுமான கூடை மெதுவாக இறங்கியது. நைனா அண்ணாந்து அதையே பார்த்தார். அந்த ஒரு விநாடி மல்லிகாவுக்குப் போதுமாக இருந்தது, இடதுகாலால் விட்டாள் ஒன்று. பந்து நைனாவின் காதோரமாகப் போய் வலையில் விழுந்தது. இரண்டு பிளாக்கும் எழுந்து கத்திய கத்தலுக்கு நடுவில் கூடை என் கைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அம்மா மேலிருந்து சொன்னாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "போடறதுக்கு ஒண்ணும் இல்ல. கூடையவே அவுத்துக்கோ. எல்லா வூட்டுத் துட்டையும் அதுல வாங்கு."

கயிற்றின் முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரமாயிற்று. அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை அம்மா ஒரே வாக்கியத்தில் வேலைக்கு ஆகிற பொருளாக மாற்றிவிட்டாள். அவளை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன்னால் கிடையாது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பால்கனிக்குக் கீழேயும் போய் நின்றேன். ஏற்கெனவே போட்டவர்களும் மறுபடி இறக்கினார்கள். நான் மைக்கில் போட்ட சத்தத்துக்கு விழுந்ததைவிட, அம்மாவின் வெறுங்கூடைக்கு விழுந்தது அதிகம். இருட்டுவதற்கு முன்னால் டீச்சர் என் தலையில் கை வைத்து, போதும் என்றார்.

நாற்பது பேரும் போனோம். அதே கூடையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. மலைப்பாதை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தியெடுத்தோம் என்பதை டீச்சரின் மரியாதைக்காக விரிவாகச் சொல்லாமல் விடுகிறேன். பஸ் நின்ற இடத்தில் இறங்கி எதிரே பார்த்தோம். பச்சையாக, பெரிசாக, நாற்றமே இல்லாமல் நின்றது. மல்லிகா வெகுநேரம் பார்த்துவிட்டு, "எம்மாந் தண்டி. இத்த யாரு டீச்சர் கொட்னது?" என்று கேட்டாள். டீச்சர் சிரித்துச் சிரித்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாறைக்கு மேலே இரண்டு காகங்கள் பறந்தன. எங்கள் படத்தில் அது மட்டும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இன்று அந்த பிளாக்குகள் இல்லை. சுவர் பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்ததும் இடித்துவிட்டு, அதே இடத்தில் உயரமாகக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மாவும் நைனாவும் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறது, பால் வீட்டு வாசலுக்கு வருகிறது, பால்கனிக்கு முழுக்கக் கம்பி போட்டாயிற்று, ஒரு கூடையும் இறங்க வழியில்லை. நீலக் கூடை சமையல் மேடைக்குக் கீழே வெங்காயத்தோடு கிடக்கிறது. சேலை கட்டிய மைதானத்தில் இப்போது பைக்குகள் நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை மாதவரத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். அவள் பள்ளியில் சுற்றுலா போகிறார்கள் என்று செல்போனில் தகவல் வந்தது, கீழே பணம் கட்ட ஒரு லிங்க். உட்கார்ந்த இடத்திலேயே கட்டி முடித்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நைனா வழக்கம்போலப் பேத்தியிடம், "அது கோலே இல்ல கண்ணு, தாத்தா கூடைய பாத்துகினு இருந்தேன்," என்று ஆரம்பித்திருந்தார். அவரைக்காயை நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் என்னைக் கேட்டாள்:

"எல்லாரும் போறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தகவலில் என் மகள் பேர் மட்டும்தான் இருந்தது. மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அதுவரை தோன்றவும் இல்லை. தெரிந்த ஓர் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். வகுப்பில் நான்கு பிள்ளைகள் வரவில்லையாம், கட்ட முடியவில்லையாம். நான் அதைச் சொன்னேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறைத் தரையில் வெங்காயம் உருளும் சத்தம் கேட்டது. அம்மா கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.