வீட்டு வண்டிக்கு ஒரு காவல் சுவிட்ச்

முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஒரு வண்டி வாங்கினேன் என்று சொன்னால், ஓட்டத் தெரியுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தெரியாது. டிக்கெட் கிழிக்கத் தெரியும், விசில் ஊதத் தெரியும், சில்லறைக்குச் சண்டை போடத் தெரியும். ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது.

வாங்கியது என் மனைவிக்காக. சிறுநீர்ப்பையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவளுக்கு அரைமணிக்கொரு தரம் கழிப்பறை வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது. காரில் போனாலும் வழியில் எங்கே இறங்குவது? நாலு வருஷமாக வண்ணார்பேட்டை வீட்டை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் வீடு. அவளுடைய அக்கா ஆழ்வார்திருநகரியில் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். ஒரு மணி நேரத் தூரம்தான். இரண்டு பேரும் தினமும் போனில் பேசுவார்கள். பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போனபின்னும் வைக்க மாட்டார்கள், சும்மா காதில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ராதாபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டுப் பின்புறம் பழைய பெட்ரோல் வேன் ஒன்று நின்றது. ஊர் ஊராக மருத்துவ முகாம் போவதற்காக அந்தக் காலத்தில் அவர் அதை வீடாகவே மாற்றி வைத்திருந்தார். ஒரு கட்டில், சின்ன அடுப்பு, பின்மூலையில் கதவு போட்ட கழிப்பறை. அந்தக் கதவைத் திறந்து பார்த்ததுமே வண்டியை முடிவு செய்துவிட்டேன். எஞ்சினை அப்புறம்தான் பார்த்தேன்.

எஞ்சினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பு செத்துப்போயிருந்தது. அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. கரண்டில் ஓடும் பம்பு வைக்கலாம் என்றார்கள். வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டேன். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். படகு எஞ்சின்களில் வேலை பழகி, பிறகு இங்கே கடை போட்டவர். பம்பை டாங்கிப் பக்கத்தில் மாட்டி ஓட விட்டார். டிக் டிக் என்று சத்தம் வந்தது. முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"உக்காருங்க அண்ணாச்சி, இன்னும் முடியல" என்றார். "பழைய பம்பு எஞ்சின் சுத்துனாத்தான் பெட்ரோல் தள்ளும். இந்தக் கரண்டு பம்புக்கு அந்தப் புத்தி கெடையாது. சாவி போட்டிருக்க வரைக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும். வண்டி எங்கனயாவது மோதி, கொழா அந்து, எஞ்சின் நின்னுட்டுன்னு வைங்க. இது பாட்டுக்குச் சூட்டுமேல பெட்ரோல ஊத்திக்கிட்டு இருக்கும். பின்னால அக்கா படுத்திருப்பாவ."

என் மனைவியைத்தான் அவர் அக்கா என்பார். நான் மறுபடி உட்கார்ந்தேன். மனைவி ஏற்கெனவே, அடுப்பும் பெட்ரோலும் ஒரே வண்டியிலா என்று முனகிக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டு காவல் வைத்தார். ஒன்று, எஞ்சினில் ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் பம்புக்குக் கரண்டு விடும் சுவிட்ச். எஞ்சின் நின்றால் அழுத்தம் இறங்கும், பம்பும் அடங்கும். ஸ்டார்ட் செய்யும் சில நொடிக்கு மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து தனி வயர். இரண்டாவது, கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஓர் இரும்புக் குண்டைக் காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி மோதினால் குண்டு கழன்று கரண்டை அறுத்துவிடும், மேலே ஒரு பொத்தான் துள்ளி நிற்கும். அதைக் கையால் அமுக்கினால்தான் பம்பு மறுபடி ஓடும்.

அவர் வேலை செய்ததை மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எந்த இணைப்பையும் முறுக்கி டேப் சுற்றி விடவில்லை. ஒவ்வொன்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே உறை போட்டார். வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். யாரும் குனிந்து பார்க்கப்போகாத வண்டியின் அடிவயிற்றில், சாண் சாணாக வயரைக் கட்டிக்கொண்டே போனார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "போட்ல தீப்பிடிச்சா எறங்கி ஓட எடம் கெடையாது அண்ணாச்சி. அப்படியே பழகிட்டு" என்றார். அன்றைக்கே அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

முதல் பயணத்துக்கு அவரே ஓட்ட வந்தார். மனைவி புதுப்புடவை கட்டிப் பின்கட்டிலில் உட்கார்ந்தாள். அக்காவுக்குப் போன் செய்து, பதினோரு மணிக்கு அங்கே இருப்போம் என்றாள். நான் முன்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தி, போகலாம் என்றேன். இரண்டு தெரு தாண்டவில்லை, பாலத்துக்கு முன்னால் பஸ்களுக்கு நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பெட்டியின் பொத்தான் துள்ளியிருந்தது. எதிலும் மோதவில்லை. அமுக்கினார், கிளம்பியது. ஏறினேன், கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. நாலாவது தடவை பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த ஹாரனை முப்பத்தொரு வருஷம் உள்ளேயிருந்து கேட்டவன் நான். வெளியே நின்று கேட்டால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். அவர் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய், வேறு பெட்டி மாற்றி, தனியாக ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மறுவாரம் நாங்கள் ஏறினோம். பாளையங்கோட்டைக்குள்ளேயே இரண்டு தடவை நின்றது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நடுரோட்டில் கத்திவிட்டேன். "என்னவே பெரிய காவல்? அந்தப் பெட்டியக் கழத்திப் போட்டுட்டு ரெண்டு வயரையும் சேத்து டைரக்டா குடும். அங்கன ஒருத்தி கட்டில்ல கெடந்து வாசலப் பாத்துக்கிட்டு இருக்கா."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அத மட்டும் எங்கிட்டக் கேக்காதிய அண்ணாச்சி. வேற யாரயாவது வச்சுச் செஞ்சுக்கிடுங்க. நான் அதுல உக்காந்து ஓட்ட மாட்டேன், அக்காவயும் ஏத்த மாட்டேன்."

வேறு எந்தக் கடைக்காரனும் ரெண்டு நிமிஷத்தில் டைரக்ட் கொடுத்துவிட்டு அனுப்பியிருப்பான், நானும் கும்பிடு போட்டிருப்பேன். இவர் தன் பேர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, அந்த வயரைத் தொடவில்லை. அப்போது எரிச்சல்தான் வந்தது. இப்போது நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பொத்தானை அமுக்கினார். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து மனைவி, "நிறுத்துங்க" என்றாள். இன்னும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன, பாத்ரூம் போணுமா? அது உங்கிட்டதான இருக்கு" என்றேன்.

"அது இல்ல. பம்பு நின்னுட்டு. கட்டிலுக்கு அடியிலதான அது கெடக்கு, நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். நீங்க தட்டுதிய, அது நிக்குது."

"நான் எங்க தட்டினேன்?"

"கதவச் சாத்திட்டு ரைட்டுன்னு வெளிய ரெண்டு தட்டு தட்டுதியளே. ஒவ்வொரு தடவையும்."

சத்தியமாக எனக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பக்கத் தகட்டில் ஓங்கி இரண்டு அடி. அந்தத் தகட்டின் உட்புறத்தில்தான் பெட்டி மாட்டியிருந்தது. அவரோ பஸ்ஸில் போய்ப் பழகிய மனிதர், தட்டினால் வண்டியை எடுக்க வேண்டும் என்பதற்கு மேல் அந்தச் சத்தத்தை யோசிக்கவே இல்லை. கார்பரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிற்பதால், நின்ற இடத்திலேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். சிரித்தார். "தப்பு எம்மேலதான். மெல்லிசுத் தகட்டுல மாட்டிருக்கக் கூடாது. சேசில மாட்டணும். அக்கா காது மட்டும் இல்லன்னா நம்ம கத கந்தல்" என்றார். அங்கேயே ஓரங்கட்டி, பெட்டியைக் கழற்றி, வண்டியின் கனத்த இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். பிறகு என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். உள்ளே டிக் டிக் நிற்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டச் சொன்னார். என் கைதான் வலித்தது.

ஆழ்வார்திருநகரிக்குப் போய்ச் சேர மணி ஒன்று. அக்காளும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு, போனில் இருப்பது போலவே சும்மா இருந்தார்கள். அரைமணிக்கொரு தரம் இவள் எழுந்து வாசலில் நின்ற வண்டிக்குப் போய்வந்தாள். "எங்கட்டி அடிக்கடி போற?" என்று அக்கா கேட்டாள். "எங்க வீட்டுக்கு" என்றாள் இவள். அக்கா சிரித்த சிரிப்பில் இடுப்பு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் அக்கா, "அந்த வீட்ட நானும் பாக்கணும்" என்றாள். ரெண்டு வருஷமாக வாசற்படி தாண்டாதவள். நானும் அவரும் நாற்காலியோடு தூக்கிப் பையக் கொண்டுபோய்ப் பின்கட்டிலில் கிடத்தினோம். மனைவி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டு வரலாம் என்றார் அவர்.

நான் முன்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன். பழக்கதோஷத்தில் கை வெளியே போனது. அதற்குள் பின்னாலிருந்து, தகட்டில் இரண்டு தட்டு கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி இல்லை. அக்கா படுத்தபடியே கையை ஓங்கி வைத்திருந்தாள்.

"ரைட், போலாம்" என்றாள்.