சூடம் அணைத்த கை

வெற்றிலையில் வைத்து ஏற்றிய சூடத்தை அவன் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து அணைத்தான். "இனி இவ மேல கை வச்சா எம்மக எனக்கில்ல" என்று சத்தியம் செய்தான். எழுபதுகளின் கடைசியில், போடியில் நாங்கள் ஏலக்காய் பொறுக்கிய கிட்டங்கியின் வாசலில் அது நடந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எங்களை வேலை வாங்கும் கங்காணியம்மா அவனுக்குத் திருநீறு பூசி, மனைவியை அவனோடு அனுப்பி வைத்தார்.

எங்களோடு காய் பொறுக்கிய அவளை, பிறந்த ஊரை வைத்துச் சிலமலைக்காரி என்றே கூப்பிடுவோம். அதற்கு முன்பெல்லாம் வீங்கிய முகத்தோடு வந்தால், "நேத்தும் மிதிச்சான்க்கா" என்று காய் பொறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவாள். சத்தியத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. கங்காணியம்மா நல்ல கனமான ஆள், குரல் அதைவிடக் கனம். தான் தீர்த்து வைத்த வழக்கு என்று எங்களிடம் பல நாள் பெருமை அடித்துக்கொண்டார். சிலமலைக்காரி ரவிக்கைக் கையை முழங்கைக்குக் கீழே இறக்கித் தைத்துக்கொண்டதைப் புது நாகரிகம் என்று நாங்கள் கேலி செய்தோம்.

மழைக்காலத்தில் ஒருநாள், கையில் மாவுக்கட்டோடு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். கங்காணியம்மா விடவில்லை. மகளைத் தள்ளிப் போய் விளையாடச் சொன்ன பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"அடிச்சான்னு நான் சொன்னா சத்தியம் தப்புனதா ஆயிருமேம்மா. பிள்ளைக்குல்ல ஆகும்?"

அத்தனை மாதமும் அடி நிற்கவில்லை, அவள் பேச்சுத்தான் நின்றிருந்தது. நிறுத்தியது நாங்கள் ஏற்றிய சூடம். கங்காணியம்மா அவள் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சத்தியம் செய்யச் சொன்னவ நானு. ஆகுறது எனக்கு ஆகட்டும், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அன்று இருவரையும் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார்.

மறுநாள் அவன் மடியில் சூடத்தோடு கிட்டங்கிக்கு வந்தான். "தப்புத்தாம்மா. இன்னொருக்கா அணைச்சிர்றேன்" என்றான், பஸ் டிக்கெட்டைத் தொலைத்தவன் மறு டிக்கெட் கேட்பது போல.

கங்காணியம்மா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிலமலைக்காரியிடம், "நீ சொல்லு ஆத்தா. ஒனக்கு என்ன வேணும்?" என்றார். அதுவரை நடந்த சமாதானப் பேச்சு ஒன்றிலும் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"உள்பக்கம் தாழ்ப்பாள் வச்ச கதவு வேணும்மா."

வீட்டுக் கதவில் இருந்த தாழ்ப்பாளை அவன் எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தான். எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். கங்காணியம்மா சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பி, "சூடத்த எடுத்துக்கிட்டுப் போப்பா. இங்க ஒனக்குச் சோலி இல்ல" என்றார்.

போடிமெட்டுக்கு மேலே, தனக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் தாய்க்கும் மகளுக்கும் ஒரு வீடு பேசி வாங்கிக் கொடுத்தார். "அவன் ஏறுனா எறக்கி விட்ருங்கண்ணே" என்று மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவர்களிடம் சொல்லி வைத்தார். ஒரு தச்சரையும் தாழ்ப்பாளையும் ஏற்றிக்கொண்டு அவர்களைக் கொண்டுபோய் விட்டார். துணைக்கு நானும் போனேன்.

இப்போது அடி வாங்கும் பெண்ணுக்குச் சட்டம் இருக்கிறது, கூப்பிட எண் இருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் எங்கள் தெருவில் சமாதானம் பேச வருகிறவர்கள் இன்றும் முதலில் அடித்தவனிடம்தான் வாக்கு வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்த லயத்து வாசலும் கூடவே நினைவுக்கு வருகிறது.

தச்சர் வேலையை முடித்ததும் சிலமலைக்காரி மகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

"தள்ளிப் பாருங்கம்மா" என்றாள் உள்ளேயிருந்து.

கங்காணியம்மா தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"இன்னும் ஓங்கித் தள்ளுங்க."

என்னையும் சேர்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கதவு அப்படியே நின்றது. உள்ளே முதலில் மகள் சிரித்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள்.