குச்சிக்கிழங்குன்னே போடுங்க

இது சத்தியமாக நடந்த கதை. கிழங்கை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். கொஞ்சம் என்றால், ஒரு கிழங்கைப் பிடுங்க ஆறு பேரும் ஒரு டிராக்டரும் வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக் கருப்பாத்தாள் தன் தோட்டத்துக் கிழங்கை வேகவைத்து, மிளகாய் சீரகத்தோடு இடித்து, அப்பளமாகத் தட்டிக் காயவைத்திருந்தாள். மழைக்கு முன் விற்காவிட்டால் அத்தனையும் நமத்துப்போகும். மொத்தமாக எடுக்க வந்த கடைக்காரர் கோபிநாத், கவரில் ‘குச்சிக்கிழங்கு அப்பளம்’ என்றிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

“மலையாளத்துல சொல்ற மாதிரி கப்பைன்னு போடுங்கக்கா. குச்சிக்கிழங்குன்னா வெறகுன்னு நெனச்சுக்குவாங்க.”

“ஏனுங்க, உங்களச் சுப்பான்னு கூப்புட்டாத் திரும்புவீங்களா?”

“நானென்ன கெழங்குங்களா?”

“கெழங்கா இருந்தா இந்நேரம் வெந்திருப்பீங்க. பேர மாத்த மாட்டனுங்க.”

அவர் போய்விட்டார். மறுநாள் மேகம் கறுத்தது. கருப்பாத்தாள் அடுப்பையும் எண்ணெய்ச் சட்டியையும் தூக்கிப்போய் அவர் கடைக்கு எதிரிலேயே பொரித்தாள். அந்த வாசனைக்குக் கோயமுத்தூர் பஸ் தானாகவே நின்றது. இறங்கியவர்களுக்கு ஆளுக்கொன்று தின்னக் கொடுத்து, “குச்சிக்கிழங்கு அப்பளமுங்க, வேணும்னா எதுத்த கடையில கேளுங்க” என்றாள். எல்லாரும் கோபிநாத் கடையில் நுழைந்து குச்சிக்கிழங்கு அப்பளம் கேட்டார்கள்.

சாயங்காலம் அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். “எல்லாத்தையும் எடுத்துக்கறனுங்கக்கா. பேரு அப்படியே இருக்கட்டும்.”

“எந்தப் பேருங்க? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“குச்சிக்கிழங்கு.”

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் டீக்கடையில் நான் சொன்ன இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த சூரியநெல்லி ஜோபி, “அது மரவள்ளில்லா?” என்றான்.

“எங்கூரு கெழங்குக்கு நீ யார்றா பேரு வெக்க?” என்று பக்கத்திலிருந்த கொழிஞ்சாம்பாறைக் குப்பண்ணன் பெஞ்சோடு எழுந்தார்.