தொட்டி கழுவிய ஞாயிற்றுக்கிழமை

அத்தா பட்டறையிலிருந்து வந்துவிட்டார் என்பதை எங்கள் வீட்டில் முதலில் மூக்குதான் சொல்லும். செருப்புச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்கும். அழுகிய முட்டையும் பழைய எண்ணெயும் சேர்ந்தது போன்ற நாற்றம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எல்லோருடைய அத்தாவும் வேலையிலிருந்து வரும்போது அப்படித்தான் நாறுவார்கள் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை தென்னூரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் இருந்தது. பட்டறை என்றால் ஒரே ஒரு லேத்து, அதன் முன்னால் அத்தா, அவ்வளவுதான். பம்புகளுக்கு வேண்டிய இரும்புத் தண்டுகளைக் கடைந்து கொடுப்பார். கடையும்போது இரும்பு சூடேறாமல் இருக்க, எண்ணெய் கலந்த தண்ணீர் ஒரு சின்னக் குழாயிலிருந்து அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கும். விழுந்த தண்ணீர் மிஷினுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு வடிந்து, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். கூலண்ட் என்பார் அத்தா. புதிதாகக் கலந்தால் பால் மாதிரி இருக்கும். போகப் போக இரும்புத் தூளும் மிஷின் எண்ணெயும் சேர்ந்து கெட்டுப்போகும். நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அத்தாவின் கைகள் கெட்டுப்போயின. முதலில் விரல் இடுக்குகளில் சிவந்தது. பிறகு கொப்புளம் வந்தது, உடைந்தது, தோல் வெடித்தது. சோற்றைப் பிசையும்போது ரசம் பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வார். கடைசியில் அம்மா ஸ்பூன் எடுத்து வைத்தாள். ஸ்பூனால் சாப்பிடும் அத்தாவைப் பார்த்து, நாங்களும் பெரிய வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தில்லை நகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். என்னை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது அத்தா யாருக்கோ பதில் சொல்வதுபோல், "அழுகுன தண்ணிதான் காரணம். தொட்டிய சுத்தமா கழுவிட்டா சரியாப் போயிரும்" என்றார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப கழுவிருவோம். நீங்க கை வைக்க வேணாம். நான் கழுவுறேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பட்டறைக்குப் போனோம். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தா ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, கைகளில் பிளாஸ்டிக் பைகளை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். எனக்கும் மாட்டிவிட்டாள்.

"அவ வேணாம்" என்றார் அத்தா.

"நானும் வருவேன்" என்று நான் அழுததால், தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் கிடைத்தது.

மின் இணைப்பைப் பிடுங்கியபிறகு, மேலே மிதந்த கறுப்பு எண்ணெயை அம்மா ஒரு பழைய குவளையால் வழித்துக் கேனில் ஊற்றினாள். அடியில் கறுப்பு அல்வா மாதிரி கசடு. அதற்குள் இரும்புச் சுருள்கள் கிடந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தன. அவள் இரண்டு தடவை வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி குனிந்தாள்.

"மூலையில இருக்கும் பாரு, அத விட்டா புதுத் தண்ணியும் கெட்டுரும்" என்றார் அத்தா. "மோட்டார் வாயில சல்லடை இருக்கும், கழட்டும்மா. குழாய்க்குள்ள கம்பி விட்டுக் குத்து." அம்மா எல்லாவற்றையும் செய்தாள். சோப்புத் தண்ணீரை ஓடவிட்டு, வடித்து, நல்ல தண்ணீரை ஓடவிட்டு, அதையும் வடித்து, பழைய துணியால் தொட்டியைத் துடைத்தாள். கல்யாண வீட்டு அண்டாவைக்கூட அப்படி யாரும் துடைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு தண்ணீர் நிரப்பிப் புது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினோம். பழுப்பு எண்ணெய் தண்ணீரைத் தொட்டதும் வெள்ளையாக விரிந்தது. அத்தா முழங்கையால் சுவிட்சைத் தட்டி, "பிஸ்மில்லாஹ்" என்றார். குழாய் இருமியது. அப்புறம் பளீரென்று வெள்ளைத் தண்ணீர் கொட்டியது. நான் கைதட்டினேன். அம்மா சிரித்தாள். அந்தப் பால் எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் வெறுங்கையை நீட்டினேன்.

"தொடாத!"

அத்தா என்னை அப்படி அதட்டியதே இல்லை. கட்டுப் போட்ட கையாலேயே என்னைப் பிடித்து இழுத்தார். நான் அழுதேன். சுத்தமான தண்ணீர்தானே, எதற்கு அதட்ட வேண்டும்?

திங்கட்கிழமை அத்தா வேலைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அவர்மேல் நாற்றமே இல்லை. ஆனால் வாரம் முடிவதற்குள் கொப்புளங்கள் மணிக்கட்டைத் தாண்டி ஏறிவிட்டன. கையுறை போடக் கூடாதா என்று கேட்டேன். சுற்றுகிற மிஷின் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்றார். தண்ணீர் விடாமல் கடைந்து பார்த்தார். உளி கருகியது, தண்டுகள் அளவு தப்பித் திரும்பி வந்தன.

ஒரு சாயங்காலம் அம்மா அவர் கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தா தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அழுகுன தண்ணியால இல்ல. அந்த எண்ணெயே இனிமே ஒடம்புக்கு ஆகாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. புதுசோ பழசோ, பட்டா வரும்னாரு."

"எங்கிட்ட என்ன சொல்றீங்க? அவரு சொன்னப்ப நானும்தானே பக்கத்துல நின்னேன்."

"அவரு சொன்னது ஒனக்குச் சரியா வெளங்கலன்னு நெனச்சேன். தெரிஞ்சுமா கழுவுன? வாந்தி எடுத்து எடுத்து?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? அந்த மிஷின விட்டா ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அம்மா மருந்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். தெரிந்தே கழுவினார்கள் என்றால் எதற்குக் கழுவினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெருநாளுக்கு முன்பே மிஷின் போய்விட்டது. அரியமங்கலத்துக்காரர் ஒருவர் வாங்கினார். தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "புதுசாட்டம் வச்சிருக்கீங்க பாய்" என்றார். அத்தா, "வீட்ல கழுவுனாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தா, வைத்திருந்த பயணப் பெட்டிக் கடைக்குப் போய் உட்கார்ந்தார். சூட்கேஸ்களைத் தூசி தட்டுவது வேலை. யாராவது விலை கேட்டால் உள்ளே இருக்கும் அண்ணனைப் பார்ப்பார்.

மழைக்காலம் வருவதற்குள் அவர் கைகள் முழுக்க ஆறிவிட்டன. எனக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த வருஷத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன். ஒருநாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உட்கார்ந்திருந்த அத்தாவின் இரண்டு கைகளையும் இழுத்து என் மடியில் விரித்துக் காட்டினேன்.

"பாருங்க மாமி, ஒரு புண்ணுகூட இல்ல! எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்க!"

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமி.

அம்மா டீ போடப்போவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. அத்தா சிரிக்கவும் இல்லை, கைகளை இழுத்துக்கொள்ளவும் இல்லை. யாருடையவோ போல அவற்றை என்னிடம் விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷமாகத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன்.