பிள்ளையார் கோயில் வளைவில் ஒரு விண்ணப்பம்

வேலைக்கான விண்ணப்பத்தை நான்கு மணிக்குள் இணையத்தில் அனுப்பியாக வேண்டும். நானோ மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், மடியில் லெப்டொப்போடு உட்கார்ந்திருந்தேன். "இன்டர்நெட் டொங்கிள் இருக்குக்கா, எங்கருந்தும் அனுப்பலாம்" என்று பக்கத்து இருக்கை அக்காவிடம் பீற்றிக்கொண்டதுதான் தாமதம், சிக்னல் செத்தது.

வழியோரப் பிள்ளையாருக்குக் காணிக்கை போட பஸ் நின்றபோதுதான் அதற்கு உயிர் வந்தது. உண்டியலில் காசு போட்டுவிட்டு கொண்டக்டர் திரும்பினார்.

"அண்ணே, இன்னுங் கொஞ்சம் கும்பிடுங்க, விண்ணப்பம் பாதிதான் போயிருக்கு!" என்று ஜன்னல் வழியே கத்தினேன்.

"எனக்கு அவ்வளவு வேண்டுதல் இல்லையே தம்பி!"

"எங்க வீட்டுக்காரருக்கும் சேத்துக் கும்பிடுங்க, அவருக்கு நெறையத் தேவைப்படும்" என்றார் அக்கா.

டிரைவர் சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார். கொண்டக்டர் தோப்புக்கரணமே போட ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் என்னிடம் சதவீதம் கேட்டார்கள். நானும் வர்ணனையாளன் மாதிரி தொண்டை கிழியச் சொன்னேன்.

"போதும்ணே, போயிருச்சு!"

வேலையே கிடைத்துவிட்டதுபோல் பஸ் முழுக்கக் கைதட்டல். நானும் வெட்கமே இல்லாமல் எழுந்து நின்று, நாலா பக்கமும் வணக்கம் வைத்தேன்.